எண்ணெய் உள்ள மரமெல்லாம் வைரம் பாய்ந்த மரமா? வாசல் நிலை, வெளிப் பெஞ்சு, லோரிப் பலகை: எதற்கு எது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே வாக்கியத்தோடுதான் உள்ளே நுழைகிறார்கள். "எண்ணெய் உள்ள மரமா ஒண்ணு சொல்லுங்கண்ணே, ஆயுசுக்கும் கெடக்கூடாது."

இந்த மாதம் மட்டும் மூன்று பேர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வாசல் நிலை வைக்க வேண்டும். தோட்டத்துக் கோயில் செயலாளர், வெளிக்கொட்டகையில் பக்தர்கள் உட்கார ஆறு பெஞ்சு வேண்டும். மூன்றாவது ஆள் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் ஒரு தம்பி, லோரியின் அடிப்பலகை உளுத்துப் போய்விட்டது. மூவர் கையிலும் பலகைக் கடையின் விலைத்தாள் இருந்தது. செங்கால், பாலாவ், மெர்பாவ், கெம்பாஸ், குரூயிங் என்று ஐந்து பெயர்கள், ஐந்து விலைகள். எதை எடுப்பது என்று மூவருக்கும் தெரியவில்லை. மூவரும் ஒரே கேள்வியைக் கேட்டாலும் மூவருக்கும் விடை வேறு. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 'எண்ணெய்' கதை. என் அப்பா தோட்டத்து ஆசாரி. லயத்து வீடுகளின் சன்னல், ஆயாக்கொட்டகைத் தொட்டில், பால் கொட்டகைக் கதவு எல்லாம் அவர் கைவேலை. தேக்கைத் தடவிப் பார்த்து "எண்ணெய் இருக்கு, நிக்கும்" என்பார். தேக்குக்கு அது சரி. நாதஸ்வரம் கடையும் ஆச்சா மரத்துக்கும் சரி. ஆனால் மலேசியக் காட்டு மரங்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. இங்கே கைக்கு மிக எண்ணெயாகப் படுவது குரூயிங். மண்ணில் நட்டால் சீக்கிரம் உளுத்துப் போவதும் அதுதான். செங்காலைத் தொட்டால் உலர்ந்த கட்டை போலத்தான் இருக்கும். அதைக் காப்பது வைரப்பகுதிக்குள் மரமே சேர்த்து வைத்திருக்கும் கசப்புப் பொருள்களும், நீர் ஓடும் நுண்துளைகளை அது தானே அடைத்துக்கொள்வதும். பூஞ்சைக்கும் கறையானுக்கும் நுழைய வழி கிடையாது, நுழைந்தாலும் தின்ன ருசி கிடையாது. குரூயிங்கில் துளைகள் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். பிசின் வழிகிறது என்பதால் காவல் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

எதை வைத்து எடைபோடுவது

தண்ணீர் எங்கே நிற்கும் என்பதுதான் முதல் கேள்வி. மழை பட்டு ஓடிவிடும் இடம் வேறு, நின்று ஊறும் இடம் வேறு. நம் வீட்டு நிலைக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் வாசற்படியைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம். பலகைக் கடைக்காரர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வருடத்துக்கு 52 தடவை நனையும் கட்டை அது.

அடுத்தது கறையான். மண்ணைத் தொடும் கட்டையா, சிமெண்டுக் கால் மேல் நிற்பதா? செம்பனையோ பால்மரமோ (ரப்பர்) வெட்டிய நிலத்தில் எழுந்த தாமான்களில் பழைய வேர்க்கட்டைகள் அடியில் கிடக்கும். அங்கே கறையானுக்கு விருந்து ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, மனித உடம்பு படுமா என்பது. வெறுங்கால், வெள்ளை வேட்டி, குழந்தையின் கை. சிராய் எழும்பும் மரம் பாலத்துக்கு ஆகும், கோயிலுக்கு ஆகாது.

நான்காவது, மரம் காயும்போது எவ்வளவு சுருங்கும், முறுக்கும் என்பது. நம் வெளிக்காற்றில் மரம் 15 முதல் 18 விழுக்காடு ஈரத்தில் நின்றுவிடும். ஏர்கோன் ஓடும் அறையில் இன்னும் இறங்கும். வெளியில் ஒழுங்காக இருந்த கதவு உள்ளே போனதும் இடுக்கு விடுவது இதனால்தான்.

ஐந்தாவது, விலைத்தாளில் வராத செலவு. இதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 7 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் செங்காலில் முழுப்பலகைக் கதவு செய்தால் அது ஏறத்தாழ 70 கிலோ. சாதாரணக் கீல் இரண்டு போட்டால் ஒரே வருடத்தில் தரையை உரசும். கனமான கீல் நான்கு, எவர்சில்வர் திருகு, கார்பைடு பல் வைத்த ரம்பம், துளையிடும் நேரம், தூக்க இன்னும் இரண்டு ஆள் எல்லாம் சேர்த்துத்தான் விலை.

பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும்

மேற்சொன்ன ஐந்தையும் சரியாகப் பார்த்துவிட்டு, பெயர் மாறிய மரத்தை வாங்கினால் எல்லாம் வீண். ரெசாக், கியாம், சில வகைப் பாலாவ் மூன்றையும் செங்கால் என்று விற்க முடியும், விற்கிறார்கள். நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் 'செங்கால்' என்று வாங்கி வந்த படிக்கட்டுப் பலகை, இழைப்புளி ஏற்றியதும் உள்ளே சிவப்பாக வந்தது. பில்லில் செங்கால், கையில் சிவப்புப் பாலாவ். அந்தத் தவுக்கேயை, கடை முதலாளியை, குற்றம் சொல்லி என்ன, இறக்கும்போது ஒரு முனையைச் சீவிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

தேவை மூன்றே பொருள்: கூரான கத்தி, 10 மடங்கு பெரிதாக்கும் சின்னக் கண்ணாடி, சமையலறைத் தராசு.

பலகையின் வெட்டுமுனையைக் கத்தியால் ஒரே இழுப்பில் சீவுங்கள். ரம்பம் பட்ட முகத்தில் எதுவும் தெரியாது, சீவிய முகத்தில்தான் தெரியும். நனைத்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். செங்கால், பாலாவ் இரண்டிலும் வளைகோடு போல வெள்ளைப் புள்ளிகள் நெடுக வரிசையாக ஓடும். அவை பிசின் குழாய்கள், உள்ளே பிசின் வெள்ளையாக உறைந்திருக்கிறது. செங்கால் மரத்தில் வடியும் இந்தப் பிசினைத்தான் மலாய்க்காரர்கள் டாமார் பெனாக் என்கிறார்கள், நம் குங்கிலியத்துக்கு ஒருவகைச் சொந்தக்காரன். குரூயிங்கிலும் குழாய்கள் உண்டு. ஆனால் நீண்ட வளைகோடாக வராது, அங்கங்கே தனித்தும் துண்டு துண்டாகவும் கிடக்கும், பெரும்பாலும் பிசுபிசுக்கும். மெர்பாவ், கெம்பாஸ் இரண்டும் புளிய மரத்தின் குடும்பம். அவற்றில் இந்தக் குழாயே இராது. துளைகளைச் சுற்றி இறக்கை விரித்தாற்போல வெளிர் நிறத் திட்டு மட்டும் தெரியும். ஆக, வெள்ளை வளைகோடு இல்லாத பலகையை யாராவது செங்கால் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

செங்காலைப் புதிதாக வெட்டினால் பச்சை கலந்த மஞ்சள் பழுப்பு. நாள் ஆக ஆகக் கருஞ்சிவப்புப் பக்கம் போகும். ஊசி குத்தினாற்போலச் சின்னத் துளைகள் பல பலகைகளில் இருக்கும். மரம் உயிரோடு இருக்கும்போது வண்டு போட்டவை, இப்போது உள்ளே எதுவும் இல்லை. அதைப் பார்த்து உளுத்த மரம் என்று திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர்கள் உண்டு. நாரைக்கும் இந்தச் செங்காலுக்கும் உறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெயரை வைத்துச் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மெர்பாவைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். துளைகளுக்குள் கந்தகம் தூவியது போல மஞ்சள் பொடி தெரியும். ஒரு சிட்டிகை மரத்தூளைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், தேத்தண்ணி நிறம் இறங்கும். இரும்பு ஆணியை அந்தத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் மை போலக் கறுக்கும்.

எடைக்கு ஒரு எளிய வழி. 10 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 2 கனம் என்று ஒரு துண்டு அறுங்கள். அது சரியாக 100 கன சென்டிமீட்டர். தராசில் 95 கிராம் காட்டினால் அந்த மரம் கனமீட்டருக்கு 950 கிலோ. கிராமைப் பத்தால் பெருக்கினால் போதும். பச்சை மரம் கூடுதலாகக் காட்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். துண்டைச் சில வாரம் நிழலில் உலர்த்திவிட்டு மீண்டும் நிறுத்துப் பாருங்கள்.

மூக்கையும் நம்பலாம், கொஞ்சம். புதிதாக அறுத்த பலகையில் கற்பூரம் மணத்தால் அது காப்பூர். பச்சைக் கற்பூரம் வந்த மரமே அதுதான். அதைத் தேடித்தான் நம் வணிகர்கள் சுமத்ராவின் பாரூஸ் வரை போனார்கள், அங்கே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டு அவர்கள் நட்ட தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நல்ல மரம்தான், ஆனால் செங்கால் விலைக்கு அல்ல.

ஒரு எச்சரிக்கை. கருஞ்சிவப்பில் வரிவரியாக, பார்க்கவே ஆசையாக ஒரு பலகை மலிவாக வந்தால் அது ரெங்காசா என்று கேளுங்கள். ரெங்காஸ் நம் சேராங்கொட்டையின் குடும்பம். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், சிலருக்குத் தூளே போதும்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரவில்லை, பெரிய தொகை என்றால் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தை அணுகலாம். மரத்தை அடையாளம் காண்பது அவர்கள் வேலை.

ஒரே பார்வையில்

| மரம் | உலர்ந்த எடை (கனமீட்டருக்குக் கிலோ) | மண், நீர் தாங்குமா | சுருக்கம் | முக்கியத் தொல்லை |
|---|---|---|---|---|
| செங்கால் | 915–980 | மருந்தின்றித் தாங்கும் | குறைவு | விலை, போலி |
| பாலாவ் | 850–1155 | தாங்கும் | கூடுதல் | வெடிப்பு, சிராய் |
| மெர்பாவ் | 515–1040 | மழை தாங்கும், மண்ணில் நடாதீர்கள் | மிகக் குறைவு | சாயம் கசியும் |
| கெம்பாஸ் | 770–1120 | மருந்தின்றி இல்லை | நடுத்தரம் | கறையான், கல்வரி |
| குரூயிங் | 690–945 | மருந்தின்றி இல்லை | அதிகம் | பிசின் வழியும் |

எடை கூடினால் ஆயுள் கூடும் என்பதும் எப்போதும் சரியில்லை. கெம்பாசின் வரிசையைப் பாருங்கள், எடையில் செங்காலையே தாண்டும், கறையானிடம் தோற்கும். மலேசியத் தர விதிகளில் கனக் கடினமரம், நடுத்தரக் கடினமரம் என்று பிரித்திருப்பதன் முக்கியமான பொருளே இதுதான். முன்னது இயல்பாகவே நிலைக்கும், பின்னதற்கு மருந்து வேண்டும்.

செங்கால்

தீபகற்ப மலேசியாவின் பெருமை. குவாலா திரெங்கானுவில் புலாவ் டுயோங் படகு கட்டுகிறவர்கள் வரைபடம் இல்லாமல், இரும்பு ஆணியில்லாமல், மர முளை அடித்துப் பலகைகளைச் சேர்க்கிறார்களே, அந்தப் பலகை இதுதான். கடலில் மிதந்துகொண்டே பல ஆண்டு நிற்கும் மரத்துக்கு நம் வாசற்படி ஒரு பொருட்டில்லை.

வேலைக்கும் பழகிய மரம். கனமாக இருந்தாலும் இழைத்தால் வழவழவென்று வரும். காய மாதக்கணக்கில் எடுக்கும், ஆனால் காயும்போது அதிகம் முறுக்காது.

குறை இரண்டே. ஒன்று விலை, மற்ற நான்கையும் விட வெகு தூரம் மேலே. இரண்டு, இன்று கடையில் கிடைப்பதில் பல பலகைகளின் ஓரத்தில் வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிப்பகுதி, ஒட்டிக்கொண்டு வரும். வெளிறுக்குச் செங்கால் என்ற பெயர் உண்டே தவிரச் செங்காலின் ஆயுள் கிடையாது. வைரப்பகுதிக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், வெளிறு இருந்தால் அறுத்துத் தள்ளச் சொல்லுங்கள், அல்லது அந்த அகலத்தைக் கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள்.

மண்ணைத் தொடும், தண்ணீர் நிற்கும், மாற்ற முடியாத இடத்துக்கு மட்டும் இதை வாங்குங்கள். உள்ளறைக் கதவுக்குச் செங்கால் போடுவது, கூடத்துக்குள் குடை பிடிப்பது மாதிரி.

பாலாவ்

ஒரே மரமில்லை, பல வகைகளுக்குச் சேர்த்து வைத்த வியாபாரப் பெயர். மஞ்சள் பழுப்பில் வருவது நல்ல பாலாவ், செங்காலுக்கு அடுத்த நிலை. சிவப்புப் பாலாவ் வேறு, எடையும் ஆயுளும் ஒரு படி கீழே. விலைத்தாளில் வெறும் 'பாலாவ்' என்று இருந்தால் எந்தப் பாலாவ் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலம் அபாரம். பாலம், படகுத்துறை, உத்தரம் எல்லாம் தாங்கும். பிரச்சினை மேற்பரப்பில். வெயிலில் மயிரிழை வெடிப்பு விழும், நார் ஒன்றோடொன்று பின்னிய மரம் என்பதால் வெடித்த ஓரத்தில் சிராய் எழும்பும். செருப்போடு நடக்கிற இடத்தில் தெரியாது. தீமிதிக்குப் பிறகு வெறுங்காலோடு வந்து உட்காரும் கொட்டகையில் தெரியும். பலகை முனைகளில் வெட்டிய அன்றே மெழுகோ பெயிண்டோ பூசினால் முனைவெடிப்பு பாதியாகக் குறையும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டு நீளத்தில் ஓர் அடி இழந்தவர்கள் நிறையப் பேர்.

கூரைச்சட்டம், தூண், வேலிக்கால் இவற்றுக்கு, செங்கால் கட்டுப்படியாகாதபோது இதுவே முதல் தேர்வு.

மெர்பாவ்

2019 ஆகஸ்டில் மலேசியாவின் தேசிய மரம் ஆனது. என் கணிப்பில் வீட்டுக்கு மிகப் பொருத்தமானதும் இதுவே. காய்ந்தபின் அசையாது. ஏர்கோன் அறையிலும் வெளி வராந்தாவிலும் ஒரே அளவில் நிற்கும். அதனால்தான் தரைப்பலகைக்கும் படிக்கட்டுக்கும் இதை விரும்புகிறார்கள். நிறமும் கம்பீரம்.

ஆனால் சாயம். என் தங்கை வீட்டு முன்வாசலில் மெர்பாவ் தூண் இரண்டு போட்டுக் கொடுத்தேன். அடியில் புது வெள்ளை டைல். முதல் மழை வந்தது, தூணிலிருந்து கருந்தேத்தண்ணி இறங்கி டைல் இடுக்கெல்லாம் ஓடியது. மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. தப்பு என் மேல். பொருத்துவதற்கு முன் பலகையை வெளியில் சாய்த்து வைத்துச் சில வாரம் மழையில் நனையவிட்டுச் சாயத்தை இறக்கியிருக்க வேண்டும், அல்லது எல்லாப் பக்கமும் பூச்சு ஏற்றியிருக்க வேண்டும். டைலில் பட்ட கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்தது, கையுறை போட்டுக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன்.

இரும்பு பட்டால் கறுக்கும் என்பதால் சாதாரண ஆணி கூடாது. அறுத்த இரும்புத்தூள் ஈரமான மெர்பாவ் மேல் விழுந்தாலே புள்ளி புள்ளியாக மை விழும். பக்கத்தில் கேட் வெல்டிங் நடந்தால் பலகையை மூடி வையுங்கள்.

கெம்பாஸ்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலிவு, பலம், அழகான செம்பழுப்பு, உள்ளே தரைக்கு நல்லது. ஆனால் பலகைக்குள் கல்போன்ற கடின வரிகள் ஓடும், இழைப்புளி அலகு அதில் மோதிப் பல் உடையும். மரத்தில் லேசான புளிப்புத்தன்மை இருப்பதால் ஈரத்தில் இரும்பை அரிக்கும். கறையானுக்குப் பிடித்தமானது. மருந்தேற்றிய கெம்பாஸ் வெளியிலும் நிற்கும், ஒரு காலத்தில் ரயில் தண்டவாளக் கட்டைக்கே போனது. மருந்தில்லாக் கெம்பாசை வாசலுக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள்.

குரூயிங்

இளவயதில் ஒரு கோயிலுக்குக் குரூயிங்கில் பெஞ்சு அடித்துக் கொடுத்தேன். இழைத்து, வார்னிஷ் இரண்டு கை ஏற்றி, கண்ணாடி மாதிரி பளபளப்பு. பங்குனி உத்திரத்து உச்சி வெயில். பெஞ்சு சூடேறியதும் உள்ளிருந்த பிசின் வார்னிஷைப் பிளந்துகொண்டு கொப்பளித்து வந்தது. தலைவர் எழுந்தார், வேட்டி எழவில்லை. அன்றிலிருந்து குரூயிங்கில் யாரும் உட்காரும் பொருளை நான் செய்வதில்லை.

அதற்காக மட்டமான மரம் என்று தள்ளிவிட வேண்டாம். நீளமான பலகை கிடைக்கும், பலமானது, விலை கையைக் கடிக்காது. துளைகள் திறந்திருப்பதால் அழுத்தத்தில் ஏற்றும் மருந்தை நன்றாகக் குடிக்கும். லோரி அடிப்பலகைக்கு வெகுகாலமாக இதுதான். அங்கே பிசின் வழிந்தால் யாருக்கு நட்டம், செம்பனைக் குலைக்கு வேட்டி கிடையாது. சுருங்குவதும் முறுக்குவதும் அதிகம் என்பதால் காய்ந்த பலகையாகக் கேட்டு வாங்கிப் போல்ட் போட்டு இறுக்குங்கள். மரத்தில் மணல்போன்ற சிலிக்கா இருக்கிறது, சாதாரண ரம்பம் சீக்கிரம் மழுங்கும், பிசின் வேறு பல்லில் ஒட்டிப் புகை கிளப்பும். மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டே அறுக்க வேண்டும்.

மருந்தேற்றிய பலகை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லேசான பச்சை நிறத்தில் இருந்தால் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த மருந்தாக இருக்கலாம். அறுத்த மிச்சத் துண்டுகளைப் பொங்கல் அடுப்பில் வைக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

பழைய மரம்

ஆறாவதாக ஒரு வழி உண்டு, விலைத்தாளில் இராது. இடித்த பங்களா, பழைய பள்ளிக்கூடம், கடைவீட்டு உத்தரம். பல ஆண்டு காய்ந்த வைரம், இனி அது சுருங்கப் போவதில்லை. மேல் ஒரு மில்லிமீட்டர் சீவினால் உள்ளே புது மரம். ஆனால் உடைந்த ஆணி உள்ளே புதைந்திருக்கும், கார்பைடு பல் ஒன்று போனால் மிச்சம் பிடித்த காசு போச்சு. காந்தத்தைத் தடவிப் பார்த்து, கறுத்த புள்ளி கண்ட இடமெல்லாம் தோண்டிப் பார்த்துத்தான் ரம்பத்தில் வைப்பேன்.

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டைத் தண்டவாளம் 2014இல் முடிந்தது, நம் ஊர் வழியாகத்தான் போகிறது. புதுப்பாதை எல்லாம் சிமெண்டுக் கட்டை. பழைய மரக்கட்டைகள் இன்னும் அங்கங்கே தோட்ட அலங்காரத்துக்கென்று விற்பனைக்கு வரும். உள்ளே இருப்பது நல்ல மரமாகவே இருக்கலாம், ஆனால் பலவற்றில் தார்போன்ற கிரியோசோட் ஊறியிருக்கும். மண் சரிவுக்கு அணை போடலாம். உட்காரும் பெஞ்சு, காய்கறிப் பாத்தி, வீட்டுக்குள், அடுப்பு: இந்த நான்குக்கும் வேண்டவே வேண்டாம்.

நம் பால்மரக் கட்டையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு அருமை, மருந்தூட்டினால். மழைக்குக் காட்டினால் பூஞ்சைக்குச் சோறு.

எந்த மரமானாலும் கைவேலை ஒன்றுதான்

துளையிடாமல் ஆணி அடிக்காதீர்கள், ஆணி வளையும் அல்லது பலகை பிளக்கும். திருகுக்கு முதலில் துளை, திருகின் புரியில் கொஞ்சம் மெழுகோ சோப்போ. பித்தளைத் திருகு போடுவதானால் முதலில் அதே அளவு எஃகுத் திருகை ஒருமுறை ஏற்றிக் கழற்றிவிட்டுப் பிறகு பித்தளையை ஏற்றுங்கள், இல்லையென்றால் தலை கையோடு வந்துவிடும்.

பசை விஷயத்தில் 'எண்ணெய்' உண்மையிலேயே கணக்கில் வருகிறது. இழைத்து ஒரு வாரம் கிடந்த முகத்தில் உள்ளிருந்த பிசினும் மெழுகும் மேலேறி நிற்கும், வெள்ளைப் பசை அதன் மேல் வெறுமனே படுத்துக் கிடக்கும். ஒட்டப் போகும் அன்றே இழையுங்கள், அசிட்டோனில் நனைத்த துணியால் துணியில் நிறம் வருவது குறையும் வரை துடையுங்கள், காய்ந்ததும் தாமதிக்காமல் எப்பாக்சி பூசி இறுக்குங்கள். அதையும் முழுதாக நம்பாமல் நாக்கும் துளையுமாகச் செதுக்கி மர முளை அடிப்பதுதான் என் வழக்கம். அப்பா காலத்து நிலைகள் பசையே காணாமல் இன்னும் நிற்கின்றன.

வெளியில் வார்னிஷ் உரியும். ஊறிப் போகும் எண்ணெய்ப் பூச்சு, நிறமும் பூஞ்சைத் தடுப்பும் கலந்தது, வருடம் ஒருமுறை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் தேய்க்காதீர்கள், அவை உலராது, தூசி ஒட்டி அழுக்காகும். ஆளிவிதை எண்ணெய் உலரும், ஆனால் அது தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள். எதுவும் பூசாவிட்டால் மரம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. அறுக்கும்போது மூக்குக்கவசம் எல்லா மரத்துக்கும் வேண்டும்.

மூவருக்கும் சொன்னது

லோரித் தம்பிக்கு மருந்தேற்றிய குரூயிங். செங்கால் போட்டால் லோரி போன பிறகும் பலகை இருக்கும், அந்தப் பலகையை வைத்து அவர் என்ன செய்வார்?

கோயில் செயலாளருக்கு உட்காரும் பலகை மெர்பாவ், கால்கள் பாலாவ், ஒவ்வொரு காலின் அடியிலும் சிமெண்டுத் தளம், எந்தக் கட்டையும் மண்ணைத் தொடாமல். மெர்பாவைச் சாயம் இறங்கும் வரை கோயில் பின்புறம் மழையில் சாய்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். "மழையில் போட்டால் மரம் வீணாகாதா?" என்று குழுவில் கேள்வி வந்ததாம். என்னையே வந்து விளக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆசிரியைக்குத்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நிலைக்கு நெடுக்கில் 7 அடி இரண்டு, குறுக்கில் 4 அடி இரண்டு, மொத்தம் 22 அடி. இதில் வெள்ளிக்கிழமை நனைவது கீழ்ப்படி 4 அடி மட்டும். அந்த 4 அடிக்கு வெளிறு இல்லாத செங்கால், மிச்சம் 18 அடிக்கு மெர்பாவ். நெடுக்குச் சட்டத்தின் அடிமுனை இரண்டையும் பொருத்தும் முன் எப்பாக்சியில் முக்கி அடைத்துவிட வேண்டும், தண்ணீர் ஏறுவது அந்த முனை வழியாகத்தான். இரண்டு நிறம் தெரியுமே என்றார். மஞ்சள் பூசினபிறகு யாருக்குத் தெரியப்போகிறது டீச்சர் என்றேன், சிரித்துவிட்டார்.

அடுத்த முகூர்த்தத்தில் நிலை வைக்கிறார். நேற்று மறுபடி போன் செய்து, எண்ணெய்ப் பூச்சு ஏற்றிய அன்றே மஞ்சள் பூசலாமா என்று கேட்டார். ஒரு வாரம் பொறுங்கள், விரலால் அழுத்தினால் ஒட்டாமல் இருக்க வேண்டும், அதற்குமுன் பூசினால் மஞ்சள் உள்ளே ஊறி நிரந்தரமாகத் தங்கிவிடும் என்றேன். தங்கினால் நல்லதுதானே, வாரா வாரம் பூச வேண்டியதில்லையே என்கிறார். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.